இரவெல்லாம் விழித்திருந்த கறுப்புப் பெட்டி

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அப்பா அழைத்தார். “காலையில் ஐந்து வைரஸ் இருந்தது, இப்போது பதின்மூன்று ஆகிவிட்டது. நான் எதையும் தொடவில்லை.” மடிக்கணினியை மூடி, அதன்மேல் ஒரு துண்டையும் போர்த்தி வைத்திருப்பதாகச் சொன்னார், கிளிக் கூண்டை மூடுவது போல.

நான் மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சோதனை இயந்திரங்களைப் பராமரிப்பவன். ஆகவே குடும்பத்தில் ஒயர் தொங்கும் எதற்கும் நான்தான் வைத்தியன். அப்பா, அக்கா, அத்தான், அவர்கள் மகன் நால்வரும் ஜெலுத்தோங்கில் ஒரு வரிசை வீட்டில் இருக்கிறார்கள். பத்து நிமிட வேலை என்று நினைத்து, மாற்றுச் சட்டைகூட எடுத்துக்கொள்ளாமல் கிளம்பினேன்.

முதல் பத்து நிமிடம் உண்மையிலேயே பத்து நிமிடம்தான். துண்டை விலக்கித் திறந்ததும் திரையின் வலது மூலையில் சிவப்புக் கட்டம் ஒன்று எகிறியது. ஆபத்து, பதின்மூன்று வைரஸ், உடனே அழுத்துங்கள், கீழே ஒரு தொலைபேசி எண். அந்தக் கட்டத்தின் தலையில் பொடி எழுத்தில் குரோம் என்று இருந்தது. வைரஸ் தடுப்பு மென்பொருள் பேசுவதானால் தன் பெயரில் பேசும், உலாவியிடம் வாயை இரவல் வாங்காது. அப்பா புதன், சனி, ஞாயிறு மூன்று நாளும் 4டி லாட்டரி முடிவு பார்ப்பவர். அப்படிப் பார்த்த ஏதோ ஒரு தளம், ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட, அனுமதி என்பதை அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கிறது. அப்பா ரோபோ இல்லை. அழுத்திவிட்டார். அந்த ஓர் அழுத்தம்தான் அறிவிப்பு அனுப்பும் உரிமை. அதற்குப் பிறகு தளத்தை மூடினாலும் அது மூலையில் கத்திக்கொண்டே இருக்கும்.

குரோம் அமைப்புகளில் தள அனுமதிகள் என்ற பகுதியில் அறிவிப்புகளைத் திறந்தேன். பதினொரு தளங்கள் அனுமதி வாங்கி உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, இனி எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று மாற்றினேன். கட்டம் ஓய்ந்தது. அப்பா அந்த எண்ணுக்கு அழைத்திருந்தால் கதை வேறு. பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 997, தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தினுடையது. அதை ஒரு தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

இதில் எனக்கு எரிச்சல் மூட்டியது பொய் எச்சரிக்கை அல்ல, அதே திரையில் இருந்த மெய் எச்சரிக்கை. கணினியோடு வந்த ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருளின் சோதனைக் காலம் என்றைக்கோ முடிந்திருந்தது. அதுவும் அதே சிவப்பில், அதே மூலையில், அதே ‘உடனே அழுத்துங்கள்’ என்ற குரலில் பணம் கேட்டுக்கொண்டிருந்தது. திருடனும் காவல்காரனும் ஒரே உடுப்பில் வந்தால் எழுபத்திரண்டு வயது மனிதர் எதைக் கண்டு பிரித்தறிவார்? அதையும் தூக்கி எறிந்தேன். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. முழுச் சோதனை ஓட்டியதில் பதிவிறக்கக் கோப்புறையில் வேண்டாத நிறுவல் கோப்புகள் இரண்டு சிக்கின. வைரஸ் என்று ஒன்றுமில்லை.

அடுத்தது விண்டோஸ் 10. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அப்பாவின் கணினியில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி, விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காது. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் வாங்கிக்கொள்ள ஒரு வழி உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை மேகத்தில் சேமித்தால் காசு வேண்டாம். கணக்கில் நுழையக் கடவுச்சொல் வேண்டுமே?

அப்பா உள்ளே போய் ஒரு 555 நோட்டைக் கொண்டுவந்தார். மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே கையடக்க நோட்டு. துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதிய கையெழுத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கணக்கு, ஒரு தேதி, மாற்றியபோது ஒரே கோட்டில் அடித்துப் பக்கத்தில் புதியது. அக்காவுக்கு அந்த நோட்டைக் கண்டாலே ஆகாது. நான் அப்பா கட்சி. எங்கோ இருக்கும் திருடனால் ஜெலுத்தோங்கில் உள்ள மேசை இழுப்பறையைத் திறக்க முடியாது. அடிக்கடி கடவுச்சொல்லை மாற்று என்று கட்டாயப்படுத்துவது வேண்டாம் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே 2017-இல் எழுதிவிட்டது. நோட்டில் நான் குறை கண்டது ஒன்றுதான்: ஐந்து பக்கங்களில் ஒரே கடவுச்சொல். ஐந்தையும் வேறு வேறாக்கி, அவரையே எழுதச் சொன்னேன்.

எட்டு மணி. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். தோசை வார்த்துக்கொண்டே அக்கா சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை அந்த வீட்டில் இரண்டு நாள் கட்டிப்போட்டது.

“இந்த பஸ் படத்தை எல்லாம் எடுத்துவிடமாட்டாயா? எந்தப் பக்கம் போனாலும் பஸ் எங்கே, சைக்கிள் எங்கே என்று கேட்கிறது. ஒரு மாதமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.”

நீ மனிதன்தானா என்று பார்க்கும் படப் புதிர் எப்போதாவது எல்லாருக்கும் வரும். எப்போதும் வந்தால், அந்த வீட்டின் இணைய முகவரியைப் பார்த்து வெளியே எல்லாரும் மூக்கைப் பிடிக்கிறார்கள் என்று பொருள். அக்காவின் போனில் வைஃபையை நிறுத்திவிட்டு, கைப்பேசித் தரவில் அதே தளத்தைத் திறந்தேன். பஸ் இல்லை. வைஃபைக்குத் திரும்பினால் பஸ். ஒரே முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும்படி இணைய நிறுவனம் வைத்திருந்தால், பக்கத்து ஊர்க்காரன் செய்த பாவம்கூட நம் தலையில் விழும். ரௌட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் அப்படிப் பகிர்வு நடக்கிறது என்று அறியலாம். தொடங்கவில்லை. ரௌட்டர் காட்டிய முகவரியும், வெளித்தளம் ஒன்று காட்டிய என் முகவரியும் ஒன்றே. அழுக்கு நம் வீட்டு அழுக்குதான்.

ரௌட்டருக்குள் நுழைய நோட்டு தேவைப்படவில்லை. அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் உள்ள கடவுச்சொல்லே வேலை செய்தது. யாரும் மாற்றியதில்லை. இணைந்திருக்கும் சாதனங்கள்: பதினேழு. நான்கு பேர் இருக்கும் வீடு, என்னைச் சேர்த்தால் ஐந்து.

பதினேழில் பாதிக்குப் பெயரே இல்லை, மேக் முகவரி என்ற சாதன அடையாள எண் மட்டும். அதன் முதல் ஆறு குறிகள் தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும் என்பதுதான் பிடி. நான்கு முகவரிகள் எஸ்பிரெசிஃப் என்ற ஷாங்காய் நிறுவனத்தின் சில்லுகள். மலிவான ஸ்மார்ட் விளக்கு, பிளக் எதைப் பிரித்தாலும் பல சமயம் அதுதான் இருக்கும். இரண்டாவது குறி 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால், அது போன் தனக்குத் தானே வைத்துக்கொண்ட புனைபெயர். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 காலத்திலிருந்து போன்கள் இப்படி முக்காடு போட்டுக்கொண்டுதான் வைஃபைக்குள் வருகின்றன.

மீதியைக் கண்டுபிடிக்கப் பழைய முறைதான். அக்கா மகன் வீடு முழுக்க ஓடி ஒவ்வொன்றாக அணைக்க, பட்டியலில் எது மறைகிறது என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். பூஜை அறை விளக்கு, கூடத்து விளக்கு, மீன் தொட்டி பம்பின் பிளக். மீனுக்குத் தீனி போடும் இயந்திரம் ஒன்றும் வைஃபையில் இருந்தது. தொட்டியில் ஒரே ஒரு லுவோஹான் மீன், நெற்றி புடைத்துக்கொண்டு என்னை முறைத்தது. அதற்கு இணைய இணைப்பு எதற்கு என்று கேட்டேன். “சாப்பிட்டதும் போனுக்குச் செய்தி வரும் மாமா” என்றான்.

வாசல் மணிக் கேமராவையும் பிரிண்டரையும் கண்டுபிடித்த பிறகு பதினாறு ஆயிற்று. ஒன்று மட்டும் யாரென்று தெரியவில்லை. எல்லாவற்றையும் அணைத்தாலும் அது இருந்தது.

ஆனால் பட்டியலில் இருப்பது குற்றமாகாதே. யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும். இணைய நிறுவனம் கொடுத்த ரௌட்டர் அதைச் சொல்லும் ரகம் இல்லை. என் வீட்டுக்குப் போய் இழுப்பறையில் கிடந்த ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கணினிப் பலகையை எடுத்துவந்து, பை-ஹோல் என்ற இலவச மென்பொருளை ஏற்றினேன். தளத்தின் பெயரைச் சொல்லி அதன் முகவரியைக் கேட்பதுதான் டிஎன்எஸ். வீட்டின் டிஎன்எஸ் கேள்விகள் எல்லாம் அதன் வழியாகப் போகும்படி செய்தால், எந்தச் சாதனம் எந்தத் தளத்தைத் தேடுகிறது என்பது வரி வரியாகப் பதிவாகும். வேறு டிஎன்எஸ்ஸைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் சாதனம் இந்த வலையில் சிக்காது. சிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சொல்லும்போது எளிது. அந்த ரௌட்டரில் டிஎன்எஸ் பெட்டி சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடந்தது. ஆகவே முகவரி வழங்கும் வேலையையே ரௌட்டரிடமிருந்து பறித்துப் பலகைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. இடையில் இருபது நிமிடம் வீட்டுக்கே இணையம் இல்லை. அத்தான் போனில் பூப்பந்து அரையிறுதி பார்த்துக்கொண்டிருந்தார், மூன்றாம் செட். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

இரவு அப்பா அறையில் படுத்தேன். அங்கே குளிர்சாதனத்தின் ரிமோட்டில் பாட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. உள்ளங்கையில் நான்கு அடி அடித்து, பாட்டரியைக் கட்டைவிரலால் உருட்டினால் ஒருமுறை வேலை செய்யும். இரண்டு மணிக்கு அது அடிக்கும் மசியவில்லை. வியர்வையோடு எழுந்து கூடத்துக்கு வந்து, மடிக்கணினியில் பதிவேட்டைத் திறந்தேன்.

வீடே தூங்கிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு முகவரியிலிருந்து மட்டும் கேள்விகள் கொட்டிக்கொண்டிருந்தன. நொடிக்கு ஒன்று, சில சமயம் மூன்று. கடை விளம்பரத் தளங்கள், சமூக ஊடகங்களின் உள்நுழைவுப் பக்கங்கள், பெயராகவே தெரியாத எழுத்துக் குவியல்கள். தலையைத் தூக்கிப் பார்த்தேன். தொலைக்காட்சி அணைந்திருந்தது. அதன் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் நெற்றியில் சிவப்புப் பொட்டாக ஒரு விளக்கு. ரிமோட்டில் அணைத்தால் அந்தப் பெட்டி படத்தைத்தான் நிறுத்துகிறது, தான் தூங்குவதில்லை. காலை ஆறு மணிக்குள் அது கேட்ட கேள்விகள் இருபதாயிரத்துச் சொச்சம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். அந்தப் பெட்டியை 2022 தீபாவளிக்கு அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். இரவுச் சந்தையில் 130 மலேசிய வெள்ளி சொன்னார்கள், 120-க்கு முடித்தேன். ஊரில் உள்ள எல்லாத் தமிழ் அலைவரிசையும் சந்தா இல்லாமல் வரும் என்று விற்றவர் சொன்னபோது, ஏன் வரும் என்று கேட்கவேண்டியவன் கேட்கவில்லை. அந்த ஆண்டு மார்ச்சில்தான் அப்படிப்பட்ட பெட்டிகளை விற்பதைக் குற்றமாக்கும் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. அப்பாவின் 4டி தளத்தைப் பற்றி அன்று மாலை நான் நிகழ்த்திய சொற்பொழிவு நினைவுக்கு வந்தது.

ஞாயிறு காலை அதை விசாரணைக்கு எடுத்தேன். ஏடிபி என்பது ஆண்ட்ராய்டைக் கேபிள் வழியாகவோ வலையமைப்பு வழியாகவோ ஆட்டிவைக்கும் கருவி. ஒழுங்கான சாதனத்தில் அது மூடியிருக்கும். திறந்தாலும் ‘இந்தக் கணினியை அனுமதிக்கலாமா’ என்று திரையில் கேட்கும். இந்தப் பெட்டி 5555 என்ற வாசலில் கதவைத் திறந்தே வைத்திருந்தது, கேள்வியே இல்லாமல் உள்ளே விட்டது. அப்பாவின் 555 நோட்டாவது மேசை இழுப்பறைக்குள் பூட்டியிருக்கிறது. பெட்டியின் அட்டையில் ஆண்ட்ராய்டு 12, 4 ஜிபி நினைவகம். உள்ளே கேட்டால் ஏபிஐ எண் 29, அதாவது ஆண்ட்ராய்டு 10. நினைவகம் 2 ஜிபி. இயங்குதளம் கையொப்பமிடப்பட்டிருந்தது ஊரறிந்த சோதனைச் சாவிகளால். அந்தச் சாவி யாரிடம் வேண்டுமானாலும் இருக்கும், யார் எதை வேண்டுமானாலும் அதிகாரபூர்வ மென்பொருளாக ஏற்றலாம்.

இது புதிய கதையும் அல்ல. 2023 ஜனவரியில் டேனியல் மிலிசிக் என்ற கனடியர், தான் வாங்கிய டி95 என்ற பெட்டியில் தொழிற்சாலையிலேயே தீநிரல் ஏற்றப்பட்டிருந்ததை அம்பலமாக்கினார். பின்னர் பேட்பாக்ஸ் என்று பெயர் பெற்ற அந்த வகையில், 2024 டிசம்பரில் ஜெர்மனியின் இணையப் பாதுகாப்பு அலுவலகம் தன் நாட்டில் மட்டும் சுமார் 30,000 சாதனங்களின் பேச்சைத் துண்டித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொது எச்சரிக்கை விடுத்தது. இந்தப் பெட்டிகள் உங்கள் பணத்தை நேராகத் தொடாமல், உங்கள் வீட்டு முகவரியை வாடகைக்கு விடும். யாரோ ஒருவன் திருட்டுக் கடவுச்சொல்லை முயன்று பார்க்கும்போது, பொய்க் கணக்கு தொடங்கும்போது, விளம்பரத்தைப் போலியாகச் சொடுக்கும்போது, அது ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு குடும்பம் செய்வது போலத் தெரியும். அதற்கான வாடகையைத்தான் அக்கா ஒரு மாதமாக பஸ்களை எண்ணிச் செலுத்திக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலை நிலைக்குத் திருப்பினால் சரியாகாது என்று தெரிந்தும் திருப்பினேன். பழக்க தோஷம். பெட்டி மறுபடி எழுந்து மொழி என்ன என்று கேட்டது. பதில் சொல்லாமல் வைஃபையை மட்டும் கொடுத்துவிட்டு, பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தேன். ஒரு செயலியும் ஏற்றவில்லை, எதையும் தொடவில்லை. காப்பி ஆறுவதற்குள் அதே எழுத்துக் குவியல் பெயர்கள் வரிசையாக வரத் தொடங்கின. நிலைமாற்றம் அழிப்பது மேலே இருப்பதை. இது கிடப்பது அதற்கும் கீழே, இயங்குதளத்தோடு பிசைந்து. நம்பி ஏற்றக்கூடிய சுத்தமான மென்பொருள் இந்தப் பெட்டிக்குக் கிடைக்காது, ஏனென்றால் அதைச் செய்தவன் யாரென்றே பெட்டியில் இல்லை.

மின்னை உருவி, திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன், வேறு காரணமில்லை, ஆசைதான். செயலிச் சில்லின் மேல் ஒட்டியிருந்த அலுமினியத் தகடு விரல் பட்டதும் பசையோடு பெயர்ந்து வந்தது. மூன்று வருடம் ராப்பகலாக உழைத்த சூட்டில் பலகை அந்த இடத்தில் பழுப்பேறியிருந்தது.

பகல் முழுக்க மற்ற வேலை. ரௌட்டரின் கடவுச்சொல்லும் வைஃபையின் கடவுச்சொல்லும் மாறின, கடவுச்சொல் இல்லாமலே வைஃபையில் சேரவிடும் டபிள்யூபிஎஸ் நின்றது. சாதனங்கள் தாமாகவே வெளியுலகுக்கு வாசல் திறந்துகொள்ள உதவும் யூபிஎன்பி வசதியையும் நிறுத்தினேன். வாசல் மணிக் கேமரா அதன் வழியாக ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தது. 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகமெங்கும் கேமராக்களைப் படையாகத் திரட்டியது இப்படி எட்டக்கூடிய கதவுகள் வழியாகத்தான். அதன் கையில் இருந்ததெல்லாம் தொழிற்சாலைக் கடவுச்சொற்கள் அடங்கிய ஒரு சின்னப் பட்டியல்.

பிறகு விருந்தினர் வைஃபை ஒன்றைத் தனியாக அமைத்து, இந்த விளக்கு, பிளக் கூட்டத்தை அங்கே குடியேற்ற முயன்றேன். பாதுகாப்பு வேலையில் மனிதனை அழவைக்கும் பகுதி இதுதான். இந்த விளக்குகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். போனோ 5-இல் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும். விளக்கைப் பழைய நிலைக்குத் திருப்ப ஐந்து முறை அணைத்துப் போட வேண்டும், மெதுவாகவும் கூடாது, வேகமாகவும் கூடாது. பூஜை அறையில் சுவாமி படங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு நான் அந்தச் சுவிட்சைத் தட்டித் தட்டிச் சொன்ன சொற்களை எழுத முடியாது. பதினோராவது முயற்சியில் அது கண் சிமிட்டியது. மீன் தீனி இயந்திரத்துக்கான போன் செயலி ஆப் கடையிலேயே இல்லை, செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. நல்லவேளை, முதுகில் ஒரு பொத்தான் இருக்கிறது. ஒருமுறை அழுத்தினால் பன்னிரண்டு மணிக்கு ஒருதரம் தீனி விழும். லுவோஹான் சாப்பிட்ட செய்தி மட்டும் இனி வராது.

பதினேழாவது சாதனம் மாலை ஆறரைக்குத் தானாகவே வாசலுக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பையன், கையில் டேப்லட்டோடு. அவன் அம்மா கொடுத்தனுப்பிய குவே லாப்பிஸ் என்ற அடுக்குப் பலகாரம் ஒரு தட்டில். “ஆன்ட்டி, வைஃபை போய்விட்டது” என்றான். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், அவன் வீட்டில் பள்ளி நடந்தபோது, அக்கா கொடுத்த கடவுச்சொல். தட்டை வாங்கிக்கொண்டு, விருந்தினர் வைஃபையின் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

கொம்தார் வணிக வளாகத்துக்குப் போய், கூகுள் சான்று பெற்ற பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன். இருநூறு வெள்ளிக்கு மேல். ரௌட்டரை அணைத்துப் போட்டதில் வெளிமுகவரியும் மாறியிருந்தது. அக்கா போனை எடுத்து வழக்கமான தளங்களில் உலாவினாள். பஸ் வரவில்லை. சைக்கிளும் வரவில்லை.

புதிய பெட்டியில் இலவச அலைவரிசைகள் இல்லை என்பதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, பழைய பெட்டியை மின்கழிவுக்குப் போடப் பையில் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

“அதன் ரிமோட்டையும் எறியப் போகிறாயா?”

“பெட்டியே இல்லை, ரிமோட் எதற்கு அப்பா?”

கையை நீட்டி வாங்கினார். பின்மூடியைத் தள்ளி, இரண்டு பாட்டரிகளையும் உள்ளங்கையில் கொட்டினார். போன மாதம்தான் புதிதாகப் போட்டாராம். அறைக்குள் போனார். சற்று நேரத்தில் உள்ளே குளிர்சாதனம் ‘பீப்’ என்றது, முதல் அழுத்திலேயே.